படகுக் கொட்டகையும் பாட்டுக் கொட்டகையும்: பிரான்சன் நகரத்துக் குடும்ப அரங்குகள்

1967ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசூரி மாநிலத் தென்மேற்கு மூலையில், பிரான்சன் என்னும் சிற்றூரை ஒட்டி, 76ஆம் எண் நெடுஞ்சாலையோரம் ஒரு குடும்பம் இசையரங்கு ஒன்றைக் கட்டியது. லாயிட் பிரெஸ்லியும் அவர் மகன் கேரி பிரெஸ்லியும் முன்னின்று எழுப்பிய கட்டடம் அது. (எல்விஸின் குடும்பம் அன்று, இக்கேள்வி எப்போதும் வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) பின்வரிசையில் இருப்பவருக்கும் மேடை தெரியவேண்டும் என்பதற்காக அரங்கின் தரையைச் சரிவாக அமைப்பது வழக்கம். பிரெஸ்லி குடும்பத்தார் சமதளமாகக் கான்கிரீட் போட்டார்கள். பாட்டு எடுபடாமற்போனால் நாற்காலிகளை அகற்றிவிட்டுக் கட்டடத்தைப் படகுக் கிடங்காக மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

இந்தச் சமதளத் தரையை இன்று பிரான்சனில் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது ஓர் ஆவணமாகவே படுகிறது. ஒரு குடும்பம் தன் சேமிப்பை எதன்மீது வைக்கத் துணிந்தது, எதை நம்பத் தயங்கியது என்பதை அது எழுத்தில்லாமல் பதிவு செய்திருக்கிறது. அவர்கள் நம்பியது ஏரியை. தயங்கியது தங்கள் கலையிடம். அந்த ஏரியோ அவர்கள் உண்டாக்கியது அன்று; நடுவண் அரசின் இராணுவப் பொறியாளர் படை அணைகட்டி உண்டாக்கியது.

கம்பெனி நாடக வரலாற்றில் பணிபுரியும் நமக்கு, சுற்றுலா ஊரின் குடும்ப அரங்கு என்பது பழகாத பொருள். ஆனால் குடும்பமே நிறுவனமாக இருந்து நிகழ்கலையை நடத்துவது எப்படி என்னும் வினா நமக்கும் உரியதுதான். ஐதராபாத்தில் சுரபி நாடகங்களைப் பார்த்தும் படித்தும் வருபவன் என்ற முறையில் எனக்கு இவ்வினா பல காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பிரான்சனை அதற்கொரு எதிர்நிலைச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஊரைப் பற்றி. ஓசார்க் மலைத்தொடரில், ஆர்கன்சா எல்லைக்கு அருகே, டேனி மாவட்டத்தில் இருக்கிறது பிரான்சன். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 12,600. நம் கணக்கில் ஒரு பேரூராட்சி. வெள்ளாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே இருப்புப்பாதை வந்தது 1906இல். மறுஆண்டு ஹெரால்ட் பெல் ரைட் என்னும் சமயப் போதகர், உடல்நலம் தேடி இம்மலைகளில் தங்கிய நாள்களின் நினைவில் ‘மலைகளின் மேய்ப்பன்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். அது பெருமளவில் விற்றது. நகரத்து வாசகர்கள் அதே தொடர்வண்டியில் ஏறி, கதைமாந்தர்களின் வீட்டைக் காண வந்தார்கள். நாவலுக்கு முன்மாதிரியாக இருந்த உழவர் தம்பதியின் மரக்குடில் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே காட்சிப்பொருளாயிற்று. புனைவைப் படித்தவர்கள் அதன் மெய்ப்பை நிலத்தில் தேடி வந்ததில் தொடங்கியது இவ்வூரின் சுற்றுலா. நிலம் பிற்பாடு புனைவுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது.

1913இல் ஆற்றின் குறுக்கே மின்னணை ஒன்று எழுந்து டேனிகோமோ ஏரி உருவானது. 1958இல் நிறைவுற்ற டேபிள் ராக் அணை அதைவிடப் பன்மடங்கு பெரிய ஏரியைத் தந்தது. பகலில் மீன்பிடிக்கவும் படகோட்டவும் குடும்பங்கள் வரத் தொடங்கின. இரவில் அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த வெற்றிரவில்தான் அரங்குகள் முளைத்தன. 76ஆம் எண் சாலையில் ஏன் முளைத்தன என்பதற்கும் விடை எளிது: ஊரிலிருந்து ரைட்டின் மரக்குடிலுக்கும், அதற்கப்பால் மார்வெல் குகைக்கும் போகிற சாலை அதுதான். அக்குகையை 1950இல் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த ஹெர்ஷெண்ட் குடும்பம், குகைக்குள் செல்லக் காத்திருப்போரைத் தரைமேல் ஈடுபடுத்திவைக்க 1960இல் ஒரு பழங்கால மாதிரி ஊரை அமைத்தது. அதுவே சில்வர் டாலர் சிட்டி. இன்றும் அக்குடும்பத்தின் உடைமை. பிரெஸ்லி குடும்பத்தாரே சாலையோரம் வருமுன், 1960களின் தொடக்கத்தில், அப்பகுதிக் குகையொன்றில் பாடிக்கொண்டிருந்தவர்கள்தாம். கோடையில் குகை குளிர்ச்சி, வாடகை மலிவு.

இவ்வூரின் முதல் குடும்ப நிகழ்ச்சி என்று சொல்லத் தக்கது இதற்கும் முந்தியது. 1959இல் மேப் சகோதரர் நால்வர் டேனிகோமோ ஏரிக்கரையில் ஒரு சிறு இசைநிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். துணி துவைக்கும் பலகை, கவிழ்த்த தொட்டியில் நரம்பு கட்டிய தாழ்சுதிக் கருவி, கழுதையின் தாடையெலும்பு முதலியவை வாத்தியங்கள். இடையிடையே கோமாளி வேடம். பல் போனவன், தொளதொளத்த காற்சட்டைக்காரன், நாட்டுப்புறத்தான். கோட்டு அணிந்து நிகழ்ச்சியை நடத்துபவர் எதைக் கேட்டாலும் ஏடாகூடமாக விடைசொல்லி, முடிவில் அவரையே மடக்கிவிடுபவன். நம் கூத்தின் கட்டியங்காரனை அறிந்தவர்க்கு இவ்வுறவைத் தனியே விளக்க வேண்டியதில்லை. நகரத்திலிருந்து வந்தவர்கள் தங்களைவிட அறிவில் குறைந்தவனைக் கண்டு சிரித்தார்கள். அவன் அவர்களிடம் நுழைவுச்சீட்டை விற்றிருந்தான்.

இக்குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘பால்டுநாப்பர்ஸ்’. மொட்டைக் குன்றர் என்று தமிழாக்கலாம். இப்பெயரில்தான் வரலாற்றாசிரியர் கொஞ்சம் நிற்கவேண்டும்.

1880களின் நடுவில் இதே டேனி மாவட்டத்தில் நேதன்யல் கின்னி என்பவர் தலைமையில், மரமற்ற குன்றின் உச்சியில் கூடி, தாமே சட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்ட கூட்டத்தாரின் பெயர் அது. உள்நாட்டுப் போர் விட்டுச்சென்ற பகை ஆறாத மலைநாடு; கொலைக் குற்றவாளிகள் தண்டனையின்றித் தப்பிவந்த காலம். ஒழுங்கை நிலைநாட்டப் புறப்பட்டதாகச் சொல்லிக்கொண்ட கூட்டம், சிறைக்குள்ளிருந்தவர்களை இழுத்துவந்து தூக்கிலிட்டதில் தொடங்கிக் கசையடி, ஊர்விலக்கு, கொலை என்று விரிந்தது. அண்டை மாவட்டமான கிறிஸ்டியனில் இதே பெயரில் இயங்கிய கிளை கொம்புவைத்த கறுப்பு முகமூடி அணிந்தது. 1887 மார்ச்சில் ஒரே இரவில் அக்கிளையினர் ஒரு வீட்டுக்குள் புகுந்து இருவரைச் சுட்டுக் கொன்றனர். 1889 மே மாதம் மூவர் தூக்கிலிடப்பட்டனர். கயிற்றின் அளவு பிழைத்து அந்தத் தண்டனையே ஒரு கோரக் காட்சியாயிற்று. கின்னி அதற்கு முன்பே, 1888 ஆகஸ்டில், போர்சைத் என்ற ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

எழுபது ஆண்டு கழித்து அப்பெயர் தாடையெலும்பைத் தட்டிச் சிரிக்கவைக்கும் சகோதரர்களின் பெயராகிறது. எப்படி? இடையில் ரைட்டின் நாவல் இருக்கிறது. அதில் முகமூடிக்காரர்கள் கதையின் தீயவர்களாக வந்து போகிறார்கள். அங்கிருந்து திறந்தவெளி நாடகத்துக்கும் சுற்றுலாத் துண்டறிக்கைக்கும் குடிபெயர்கிறார்கள். வன்முறை முதலில் கதையாகி, பிறகு உள்ளூர் வண்ணமாகி, முடிவில் வணிகப்பெயராகியது. இதை மேப் குடும்பத்தின் குற்றமாக நான் எழுதவில்லை. கொன்றவர், கொலையுண்டவர் ஆகிய இருதரப்பின் பேரப்பிள்ளைகளும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த ஊரில் சிரிப்பு ஒரு சமரசமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ‘மறதி தானே நேர்கிறது’ என்று எழுதும் ஆய்வாளர்கள் இந்தப் பெயர்ப்பயணத்தின் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் சீட்டு விற்றிருப்பதைக் கவனிக்கவேண்டும்.

இனி, அரங்கை நடத்துதல் என்ற நடைமுறைக்கு வருகிறேன். ஆய்வுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

சுரபியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1885இல் கடப்பை மாவட்டத்துச் சுரபி என்ற சிற்றூரில் வனாரச கோவிந்தராவ் ‘கீசகவதம்’ நாடகத்தை மேடையேற்றியதில் தொடங்கிய அம்மரபு, பெண் வேடங்களைப் பெண்களையே ஏற்கவைத்த குடும்பக் குழு மரபு. குடும்பம் கிளைத்தபோது குழுவும் கிளைத்தது. ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் இருந்தன. சுரபியில் பார்வையாளர் ஓரிடத்தில் இருந்தார். கொட்டகை ஊரூராய்ப் போனது. ஆகவே ஓரூரில் பார்த்தவர்க்கே மீண்டும் மீண்டும் காட்ட நாடகங்கள் பல தேவைப்பட்டன. பிரான்சனில் கொட்டகை ஓரிடத்தில் இருந்தது. பார்வையாளர் வாரந்தோறும் மாறினார். ஆகவே ஒரே நிகழ்ச்சி ஒரு பருவம் முழுதும் போதுமானதாயிற்று. திரும்ப வரும் குடும்பமும் அடுத்த ஆண்டுதான் வரும். அப்போது அது புதுமையைவிடச் சென்ற ஆண்டு சிரித்த அதே கோமாளியையே எதிர்பார்க்கும். கலைஞரின் திறமை புதிய உருப்படிகளில் வெளிப்படாமல், நூறாவது இரவிலும் முதலிரவுபோல் நடிப்பதில் வெளிப்பட்டது. இதைத் தேக்கம் என்று இகழ்வது எளிது. நாள்தோறும் அதே நகைச்சுவையைச் சொல்லிச் சிரிக்கவைக்க முயன்று பார்த்தவர் இகழமாட்டார்.

நிலையான கட்டடம் என்றால் நிலையான செலவு. கடன், வரி, மின்சாரம், காப்பீடு ஆகியவை அரங்கு நிறைந்தாலும் காலியானாலும் மாறாதவை. வருவாயோ பருவத்தைச் சார்ந்தது. தொடக்கத்தில் கோடைவிடுமுறை மூன்று மாதமே வியாபாரம். பின்னர் இலையுதிர்கால வண்ணங்களைக் காண வரும் முதியோர் அக்டோபரை நிரப்பினார்கள். 1980களின் இறுதியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் டிசம்பரை மீட்டுத் தந்தன. சனவரியும் பிப்ரவரியும் இருட்டே. இப்படிப்பட்ட தொழிலில் கூலி என்னும் செலவைச் சுருக்கி விரிக்க முடிந்தவரே பிழைப்பார். குடும்பத்தால் அது முடிந்தது. சீட்டுக் கொடுப்பவர் அத்தை. சோளப்பொரி விற்பவர் மருமகள். பேருந்து நிறுத்துமிடத்தில் வழிகாட்டும் சிறுவன் இடைவேளைக்குப் பின் தாளக்கருவியில் அமர்வான். தொடக்க ஆண்டுகளில் பெரியவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் மேடையேறினார்கள். நட்டம் வந்த மாதத்தில் யாரும் வேலைநீக்கம் செய்யப்படவில்லை. எல்லாரும் குறைவாகச் சாப்பிட்டார்கள், அவ்வளவே. பொருளியலார் குடும்ப உழைப்பை ‘நெகிழ்வுத்தன்மை’ என்பார்கள். நெகிழ்ந்தது யார் என்று கேட்டால் பெரும்பாலும் விளம்பரப் பலகையில் பெயரில்லாத பெண்கள். மேப் சகோதரர் என்றும் பிரெஸ்லி என்றும் ஆண்வழியாகவே எழுதப்பட்டுள்ள இவ்வூரின் அரங்க வரலாற்றில், கணக்கெழுதியவர்களும் உடை தைத்தவர்களும் கடிதம்வழிச் சீட்டுப் பதிவைக் கவனித்தவர்களும் ஒரு பத்தியைக்கூடப் பெறவில்லை. கம்பெனி நாடகத்தைப் பற்றி நாம் எழுதியிருப்பதும் இந்தக் குறைக்கு விலக்கன்று.

மற்றொன்று: இங்கே அரங்கின் வாடிக்கையாளர் தனிமனிதர் மட்டும் அல்லர், பேருந்து. முதியோர் குழுவை நாற்பது ஐம்பது பேராக அழைத்துவரும் பயண ஏற்பாட்டாளர் எந்த அரங்கைத் தேர்கிறாரோ அந்த அரங்குக்கு ஒரே முடிவில் நான்கு வரிசை நிரம்பும். எனவே நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்கள் வாயிலுக்கு வந்து கைகுலுக்குவார்கள். ஓட்டுநரின் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். காலை பத்து மணிக்குக்கூட நிகழ்ச்சி உண்டு. இரவில் கண்விழிக்க இயலாத வயதினருக்காக. நிகழ்ச்சியின் இறுதிப்பகுதியில் தேவாலயப் பாடல்களும், போர்வீரராய் இருந்தவர்களை எழுந்து நிற்கச்சொல்லிக் கைதட்டும் சடங்கும் தவறாமல் இடம்பெறும். மது இல்லை, ஆபாசம் இல்லை. ‘குடும்பம்’ என்ற சொல் உரிமையாளரைக் குறித்தது போலவே பார்வையாளரையும் பண்டத்தையும் குறித்தது.

1983இல் ராய் கிளார்க் என்ற புகழ்பெற்ற நாட்டுப்புற இசைக்கலைஞரின் பெயரில் அரங்கு ஒன்று திறந்தது. அதோடு ஆட்டம் மாறியது. 1991 டிசம்பரில் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி பிரான்சனைப் பற்றி ஒரு பகுதியை ஒளிபரப்பியதும், இருவழிச் சாலையில் கார்கள் ஊர்ந்தன. நடுவயது கடந்த நட்சத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அரங்கு கட்டினார்கள். 1992இல் ஆண்டி வில்லியம்ஸ் வந்தார். ஜானி கேஷுக்காகக் கட்டத் தொடங்கிய பேரரங்கு பணமுடையில் சிக்கி, அவருடையதாகத் திறக்கப்படவே இல்லை. குடும்ப அரங்குகள் இத்தோடு ஒழிந்தன என்று பலர் கருதியிருக்கக்கூடும். நடந்தது வேறு. நட்சத்திரத்திற்குப் பெயர் இருந்தது, பதிலி இல்லை. அவருக்குத் தொண்டை கட்டினால் அன்றைய வருவாய் போயிற்று. அவர் இறந்தால் அரங்கின் பொருளே போயிற்று. குடும்ப அரங்கில் கோமாளி வேடம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். நட்சத்திர அரங்குகள் கைமாறிப் பெயர்மாறியபோது, பிரெஸ்லி குடும்பத்தார் நான்கு தலைமுறையாக மேடையில் இருந்தார்கள்.

இதில் ஓர் இடைப்பட்ட வகையும் உண்டு. ஜப்பானில் பிறந்து, ஒசாகாவில் ராய் ஏக்கஃபின் இசையைக் கேட்டு, பிடிலைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா வந்த ஷோஜி டபுச்சி. நட்சத்திரமாக வந்தவர் அல்லர். இங்கே பிறர் மேடைகளில் வாசித்துப் பெயர் பெற்று, பின் மனைவி, வளர்ப்பு மகளுடன் சொந்த அரங்கு நடத்தியவர். அவ்வரங்கின் கழிப்பறைகள் பளிங்கும் விளக்கும் பில்லியர்ட்சு மேசையுமாக அவருடைய பிடிலுக்கு இணையாகப் புகழ்பெற்றன. அறிவுலகத்தார் அதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள். நான்கு மணிநேரம் பேருந்தில் வந்திறங்கும் எழுபது வயதுப் பார்வையாளர் அரங்கில் முதலில் தேடுவது மேடையையா என்பதை யோசித்தவர் கட்டிய கட்டடம் அது. டபுச்சி 2023இல் மறைந்தார். அவர் கட்டியதைத் தொடர மேப், பிரெஸ்லி குடும்பங்களைப் போல விரிந்த சுற்றம் அவருக்கு இல்லை.

விரிந்த சுற்றம் வரமும் சாபமும். மேப் சகோதரருள் ஒருவரான பாப் 1970களில் பிரிந்துபோய் அதே சாலையில் தனி அரங்கு வைத்தார். பாகப்பிரிவினையில் நிலத்தைப் பிரிக்கலாம். நாற்காலிகளைக்கூட எண்ணிப் பிரிக்கலாம். ஒரு நகைச்சுவை யாருக்குச் சொந்தம்? சுரபி இதற்கு ஒரு விடை கண்டது: பிரிந்தவர் வேறு திசையில் வண்டி கட்டினார். நிலைத்த அரங்குக்கு அவ்வழி இல்லை. பிரிந்த தம்பியின் விளக்குப்பலகை அண்ணனின் பார்வையாளர் வரும் வழியிலேயே எரியும்.

கடைசியாக, இவ்வூர் விற்ற ‘வெகுளியான மலைநாடு’ பற்றி. பிரான்சனுக்கு வடக்கே ஒருமணிப் பயணத் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் நடுச்சதுக்கத்தில், 1906 ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்திய இரவு, வெள்ளையர் கும்பல் மூன்று கறுப்பின ஆடவரைக் கொன்றது. அவர்களைத் தூக்கிலிட்ட கோபுரத்தின் உச்சியில் சுதந்திரதேவியின் உருவம் நின்றது. தெற்கே ஆர்கன்சாவின் ஹாரிசன் ஊரிலிருந்து 1905லும் 1909லும் கறுப்பினத்தார் விரட்டப்பட்டனர். ரைட்டின் நாவல் வெளியானது இவ்விரண்டுக்கும் நடுவே, 1907இல். பிரான்சனின் மேடைகளும் இருக்கைகளும் பெரும்பாலும் வெள்ளையராலேயே நிரம்பியதை ‘இயல்பான மக்கட்பரவல்’ என்று கடந்துசெல்லும் சுற்றுலா நூல்கள் இம்மூன்று ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில்லை. அரங்கு நடத்திய குடும்பங்கள் 1906க்குப் பொறுப்பானவை அல்ல. ஆனால் அவை விற்ற ‘அந்தக் காலம்’ யாருமற்ற வெளியிலிருந்து வந்ததன்று.

நேதன்யல் கின்னி சுடப்பட்ட இடத்தைக் காணவேண்டும் என்று யாராவது புறப்பட்டால், இன்றைய போர்சைத் ஊரில் அது கிடைக்காது. டேபிள் ராக்குக்குச் சில ஆண்டு முன்பு, வெள்ளாற்றில் கீழே புல் ஷோல்ஸ் அணை கட்டப்பட்டபோது, ஏரிநீருக்கு வழிவிட்டுப் பழைய ஊரைப் பெயர்த்து மேட்டில் அமைத்துவிட்டார்கள்.